செவ்வாய்க்கிழமை முறை

அன்று காலையும் உதயராஜ் செவலையின் ஒரு காம்பைக் கன்றுக்கென்று கறக்காமல் விட்டுவிட்டு எழுந்தார். பால் வாளியை என்னிடம் தந்து, "வெத்தலைய எங்க வச்ச?" என்று கேட்டார். கொட்டில் கூரையில் செருகியிருந்ததைக் காட்டினேன். என் கணவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். இலை அள்ளும் முள்வாரியோடு ஓடைக்கு ஏறியவர், பாதிப் படியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. தோட்டத்து டொக்டர் வந்து பார்த்து, மாரடைப்பு என்றார்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் லயத்து வரிசையில் ஏழு வீடுகள் மாடு வளர்க்கின்றன. முன்பு பால் லொறி காலையில் மட்டும்தான் வரும். அந்திப் பால் விடிவதற்குள் திரிந்துவிடும். தேத்தண்ணிக்குப் போக மிச்சத்தைச் சாக்கடைக் கானில் கொட்டியிருக்கிறோம். இவர்தான் அலைந்து திரிந்து ஒரு சங்கத்திடம் இயந்திரம் வாங்கினார். குழாய்களை நாங்களே தோளில் சுமந்து மலையேற்றினோம். ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கி இயந்திரத்தைச் சுற்ற, அந்தக் கரண்டில் லயத்துக்கு வெளிச்சம் வந்தது, பால் குளிரும் தொட்டி ஓடியது. அந்திப் பாலும் விலைபோனது. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு சுஜீதா, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சம்பளக்காரியாக ஊர் திரும்பினாள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று, இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார். கண் கலங்கினால் அப்படித்தான் செய்வார்.

குழாய் வாயின் சல்லடையில் இறப்பர் இலை அடைத்தால் லயத்து பல்புகள் மங்கும். அதனால் நாளுக்கொரு வீடு போய் இலை அள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை எங்கள் முறை.

அன்றும் செவ்வாய்க்கிழமை. சாவு வீடானாலும் மாட்டுக்கு மடி கனக்கும். எல்லோரும் அந்திப் பாலைக் கறந்து தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலைக்கு மேலே பல்பு மங்கியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்; உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அம்மா, தொட்டி ஓடாது. பால் திரிஞ்சிரும்," என்றாள் சுஜீதா மெல்ல.

"வாய மூடு," என்றாள் அவள் அம்மா சீதாலட்சுமி. "இன்னைக்கு இவுங்க மொறை. எழவு வீட்டுல போயி அதக் கேப்பாங்களாடி? நாம போனாலும் மொறைய ஞாபகப்படுத்துற மாதிரி இருக்கும்."

எனக்காக ஏழு வீட்டுப் பாலையும் கெடவிடத் துணிந்திருந்தார்கள்.

"சீதாக்கா," என்றேன். "பால் திரிஞ்சா இந்த மனுசன் சும்மா படுத்திருப்பாருன்னா நெனக்கிறீங்க? எந்திரிச்சு வந்து ஏசுவாரு."

"ஏசுனாக்கூடப் பரவால்லையே, தங்கச்சி," என்றார் வாசலில் நின்ற செல்லையா அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கூட்டமில்ல போடுவாரு. யாரு ஒக்காந்து கேக்குறது?"

அழுகைக்குள் சிரிப்பு வெடித்தது. நான் எழப் பார்த்தேன். பெண்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். ஆண்கள் ஓடைக்கு ஏறினார்கள். தப்படித்தவர்களும் தப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்னால் ஓடினார்கள். முற்றம் காலியாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பல்பு தெளிந்தது. அவர் உதட்டில் வெற்றிலைச் சிவப்பு தெரிந்தது.

காரியம் முடிந்ததும் செல்லையா அண்ணன் வந்தார். "இனி ஒங்க மொறைய நாங்க பாத்துக்கிறோம், தங்கச்சி."

"படியில கெடந்த முள்வாரிய யாரு எடுத்தது? கொண்டாங்க," என்றேன்.

இப்போது செவலையை நான் கறக்கிறேன். ஒரு காம்பு கன்றுக்கு. செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு முறை.