கழலாத டிஸ்க்

கண்ணாடிக்காரருக்குக் கோபமே வராது என்று தெருவில் பெயர். வந்தால் தொழில் நடக்காது. ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவன் பல்லைக்கூட மெதுவாகத்தான் கடிக்க வேண்டும். அதனால் வருடம் முழுவதும் வருகிற கோபத்தைச் சேர்த்து வைத்து, தன் பழைய பிக்கப் வண்டியிடம் காட்டுவார்.

இன்றைக்குச் சேமிப்பு மொத்தமும் கரைந்துகொண்டிருந்தது.

காலை ஒன்பது மணிக்கே வீட்டு வாசலில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்து, இரண்டு சக்கரங்களையும் கழற்றியிருந்தார். பிரேக் டிஸ்க்குகள் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. புதியவை அட்டைப்பெட்டியில் தயார். பழையதைக் கழற்றுவதுதான் பாக்கி. அப்போதுதான் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் வெளியூர் போயிருக்கார். ஆறு மணிக்குத்தான் வருவார். அதுக்குள்ள நான் கிளம்பிடறேன். தையல் மெஷினும் நாலு மூட்டையும்தான். வர்றியா?"

மூன்று வருடமாகப் புருஷனிடம் வாங்கிய ஒவ்வொரு அறையையும் அவள் இவரிடம்தான் சொன்னாள். இவரும் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னார்: கொஞ்சம் சமாளிச்சுக்கோம்மா.

"வர்றேன்" என்றார் இந்த முறை. சொல்லி ஐந்து மணி நேரம் ஆகிறது. டிஸ்க் கழலவில்லை, கையால் சுற்றினால் சுற்றக்கூட இல்லை. துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று முடிவுகட்டி எண்ணெய் ஊற்றினார். சுத்தியலால் அடித்தார். பிறகு பெரிய சுத்தியலைக் கடன் வாங்கி வந்து அடித்தார்.

"இந்தா மாப்பிள்ளை, இது போன வருஷத்துக்கு! இந்தா, இது அதுக்கு முந்தின வருஷத்துக்கு!"

மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள். "ஆளு எதிர்ல வந்தப்போ உக்கார வெச்சு சோறு போட்டீங்க. இப்ப இரும்பைப் போட்டு அடிக்கிறீங்க. அன்னைக்கே அவளைக் கூட்டிட்டு வாங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"வாயை மூடறியா?"

"மூடறேன். வேற வண்டியாவது பிடிங்க."

"வாடகை வண்டிக்காரன் அத்தனை பேரும் அவனோட சீட்டாடறவனுங்க. வண்டி கிளம்பறதுக்குள்ள அவனுக்குத் தகவல் போயிடும்."

மூன்று மணிக்கு மறுபடியும் போன்.

"வண்டி சரியாகலையாண்ணா? பரவாயில்ல. மூட்டையைப் பிரிச்சு வெச்சிடறேன். நான் சமாளிச்சுக்கறேன்."

அவருடைய வார்த்தைதான். கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வந்துவிட்டது.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாத!" கத்தினாலும் குரல் பாதியில் உடைந்தது. "அதைச் சொன்ன என் வாயைத்தான் உடைக்கணும். மூட்டையைப் பிரிக்காதம்மா. தலையில தூக்கிட்டு வரணும்னாலும் வருவேன்."

போனை வைத்துவிட்டு சுத்தியலை வீசினார். அது போய் அவருடைய வண்டிக் கதவிலேயே மோதி, நல்ல பள்ளம் விழுந்தது. உலகத்தில் இவருக்குக் குறி தப்பாத ஒரே பொருள் இவருடைய பொருள்தான்.

கதவு திறக்கிறதா என்று பார்க்க மனைவி உள்ளே ஏறினாள்.

"ஏங்க, இந்தக் கம்பி ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"ஹேண்ட் பிரேக். வண்டி உருளக் கூடாதுன்னு காலையில நான்தான் இழுத்தேன்."

"அது எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் கழலாத டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் அந்தப் பின் டிஸ்க்குக்கு உள்ளேயிருந்துதான் இறுக்கிப் பிடிக்கும். பன்னிரண்டு வருடமாக அவருக்குத் தெரியும்.

"பின் சக்கரத்தை" என்றார், கண்ணாடி தூக்கும்போது பேசுகிற குரலில்.

"அப்ப அஞ்சு மணி நேரமா பிடிச்சுக்கிட்டதும் நீங்க, அடிச்சதும் நீங்களா?"

அவள் கம்பியை இறக்கினாள். சுத்தியலால் இரண்டே அடி. டிஸ்க் கழன்று அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. அன்று முதல்முறையாக அவர் யாரையும் திட்டவில்லை. அடுத்த டிஸ்க்குக்கு ஒரே அடி.

புதியதை மாட்டி, சக்கரம் பூட்டி, பிரேக்கை நாலு முறை அழுத்திப் பார்த்துவிட்டு நொண்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். ஐந்தேகாலுக்கு தங்கை வீட்டு வாசல். அவள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினைத் தூக்கி, கண்ணாடிக்குப் போடுகிற கம்பளியில் சுற்றிக் கட்டினார்.

கடைசி மூட்டை ஏறும்போது அவர் போன் அடித்தது. பக்கத்து வீட்டார் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"மச்சான்," என்றது மாப்பிள்ளையின் குரல், "அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. இனிமே சோத்துக்கு நான் என்ன பண்றது?"

கண்ணாடிக்காரர் தங்கையின் கன்னத்தைப் பார்த்தார். இடப்பக்கம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"கொஞ்சம் சமாளிச்சுக்கோ மாப்பிள்ளை" என்று சொல்லிப் போனை அணைத்தார். பிறகு வண்டியில் ஏறி, மறக்காமல் ஹேண்ட் பிரேக்கை இறக்கினார்.