ஒட்டக எலும்பு

முதல் பட்டை அறுந்து கையில் விழுந்ததும் மாதேஸ்வரி அதன் விளிம்பை லென்ஸில் பார்த்தாள். எலும்பாக இருந்தால் ஊசி குத்தியதுபோலக் கரும்புள்ளிகள் தெரியும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. சல்லடைக் கம்பிபோல வளைந்த கோடுகள்தான் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. ஓசூர் கம்பெனியில் எட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்து பழகிய கண் அது. இருந்தும் மூன்று முறை துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கம்பெனி அந்த லைனை மூடி அவளை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் இந்த வேலை கைக்கு வந்தது. பழைய சவரக்கத்திகளின் துருவை யாரோ பெங்களூரில் எடுத்துவிடுவார்கள். புதுக் கைப்பிடி போடுவது இவள் பாடு. எருமைக்கொம்பிலோ தோதகத்தி மரத்திலோ இரண்டு பட்டை அறுத்து, எமரித்தாளில் தேய்த்து, நடுவில் கத்தியை வைத்துப் பித்தளை ஆணியைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். ஒரு தட்டு கூடினால் பட்டை பிளந்துவிடும். முதல் கத்தியைக் கொடுத்தவர் ஜெகதீஷ். கத்தி கொடுக்கும் மற்ற ஆட்களை அனுப்பியதும் அவர்தான். பழைய அயல்நாட்டுக் கத்திகளின் தந்தப் பிடியில் இந்தக் கோடு இருக்கும், யார் கொடுத்தாலும் தொடாதீர்கள் என்று அந்த ஆட்களில் ஒருவர்தான் போனில் படம் காட்டிச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை கைப்பிடி நொறுங்கிய கத்தியோடு இந்தத் துண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, "ஒட்டக எலும்பு மேடம், ராஜஸ்தான் சரக்கு" என்றார் ஜெகதீஷ்.

ஜெகதீஷுக்குப் போன் செய்தாள். நேரில் வருகிறேன் என்றவர் பதினோரு மணிக்கு உத்தனப்பள்ளி வந்து, காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மாதேஸ்வரியின் புருஷன் முதல் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான்.

"இது எலும்பு இல்லீங்க சார். எடுத்துக்கினு போயிடுங்க. கத்திக்குக் கொம்புலயே போட்டுத் தரன்."

அவர் இல்லையென்று சொல்லவில்லை.

"பழசு மேடம். எப்பவோ செத்த யானை."

பழசென்றால் மஞ்சள் பாரித்திருக்கும். இது பால்போல இருந்தது. போன ஆடி மாதம் காட்டோரத்தில் ஒரு ஆண் யானை செத்துக் கிடந்தது. தந்தம் இரண்டும் இல்லை என்று ஊரே பேசியது.

"எனக்கு வேணாங்க சார்."

ஜெகதீஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "அறுத்தது உங்க ரம்பம்தானே? தூள் உங்க தரையிலதானே கிடக்குது? எனக்கு ஒண்ணுன்னா உங்களுக்கும்தான் மேடம்."

வாசலில் பைக் வந்து நின்றது அப்போதுதான்.

பக்கத்துத் தெரு கங்கப்பன். வனத்துறையில் தினக்கூலி. ராகிக் கொல்லைக்கு வரும் யானைகளை விரட்டும் கூட்டத்தில் ஒருவன். அந்தச் செத்த யானையை டாக்டர் வந்து அறுக்கும்வரை இரண்டு நாள் காவல் காத்தவன். "அக்கா, கொடுவா புடி ஆடுது. ஒரு ஆணி அடிச்சுக் குடேன்" என்று கொடுவாளை நீட்டியபடி உள்ளே வந்தான்.

ஜெகதீஷ் பட்டையைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். வைஸில் இறுக்கியிருந்த மிச்சத் துண்டை அவரால் மறைக்க முடியவில்லை.

"இது என்னாக்கா?"

ஜெகதீஷ் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எலும்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கங்கப்பன் ஆணி அடித்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். இவரும் போய்விடுவார். அப்புறம் அடுத்த மாதம் இன்னொரு துண்டோடு வருவார். அப்போது 'வேணாங்க' என்று சொல்ல இவளுக்கு வாய் இருக்காது.

"கொண்டாந்தது அவரு" என்றாள். "தெரியாம அறுத்தது நானு. இந்தா லென்ஸு, நீயே பாரு."

கங்கப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒட்டக எலும்பு தம்பி" என்று ஜெகதீஷ் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவருக்கு முன்னால் கங்கப்பன் வெளியே போனான். பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போய்க் காருக்குக் குறுக்கே நிறுத்தி ஸ்டாண்டு போட்டான். பைக் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போட்டான்.

மாதேஸ்வரி செய்தித்தாளை விலக்கிப் பட்டையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி மேஜை நடுவில் வைத்தாள். போனைக் காதில் வைத்திருந்த கங்கப்பன், வேலிக்கு அப்பாலிருந்து முதலில் ஜெகதீஷைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான், ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டிராதவனைப்போல.