பிரம்மச்சாரிக்குப் புள்ளி கிடையாது

காரைக்குடியில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கும் வள்ளியப்ப அண்ணனிடம், எனக்கென்று தனியாக ஒரு ஐபி முகவரி கேட்டேன். பூட்டிக் கிடக்கும் கண்டனூர் வீட்டின் கேமராவைப் பெங்களூரிலிருந்து பார்க்க அது வேண்டும்.

"ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார்.

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"மேலிடத்துல எனக்கே முகவரிய அளந்துதான் குடுக்குறாக. அத எப்படிப் பிரிச்சுக் குடுப்பேன்னு கொள்கை எழுதித் தரச் சொன்னாக. நம்ம கோயில் வழக்கத்தையே எழுதிப்புட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கோயிலில் கல்யாணமானால்தான் ஒருவன் ஒரு புள்ளி, அதாவது வரிக் கணக்கில் தனிக் குடும்பம். அதுவரை, என்னைப் போல, அப்பாவின் புள்ளிக்குள் அடக்கம். கோயிலுக்குச் சரி, கேமராவுக்குமா?

"என்னண்ணே பேசுறீக? இது இன்டர்நெட்டு!"

"ஐபியும் புள்ளி வச்சுத்தானப்பா எழுதுறோம்? கல்யாணமானவுகளுக்குத் தனி ஐபி. மத்தவுக அப்பச்சி ஐபிக்குள்ள ஒண்டிக்கிற வேண்டியதுதான்."

"பழைய முகவரிக்குத்தாண்ணே தட்டுப்பாடு. ஐபி ஆறுன்னு புதுசா ஒரு வகை இருக்கு. அள்ள அள்ளக் குறையாது. அதுல ஒண்ணு குடுங்க."

"எங்க, எழுதிக் காட்டு."

எழுதினேன். பழையதில் எண்களுக்கு நடுவே ஒரு புள்ளிதான் வரும். புதியதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு கல்யாணத்துக்கே வழியக் காணோம். அதுக்குள்ள ஒனக்கு ரெட்டைப் புள்ளி கேக்குதா?"