இருபத்துநான்காவது மாத்திரை

பல் லேப்பில் ஒரு சட்டம் உண்டு. பீங்கான் பொடியில் வேறொரு பொடி ஒரு சிட்டிகை விழுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் போதும், உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. டப்பாவோடு கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரோ ஒரு புண்ணியவானுக்கு முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் பூத்து நிற்கும். அவர் ஆயுசு முழுக்க கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். முதலாளி இந்தச் சட்டத்தை அவளுக்குச் சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒருநாளும் அவள் மீறியதில்லை. மீறாமல் இருந்ததுதான் கடைசியில் வினையாகிப் போனது.

அவள் செயற்கைப் பல் செய்கிறவள். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு, மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டு என்று கேட்டால் அரை நாள் பேசுவாள். பக்கத்துப் பல்லோடு பொருந்தாத நிறம் அவள் மேசையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. அதனால் முதலாளி அவளுக்கு வைத்த பெயர் ‘நிறக்கண்ணு’. கண் இவ்வளவு வாய்த்தவளுக்கு விரல் வாய்க்க வேண்டாமா? முப்பது வயதில் முடக்குவாதம் வந்து விரல் மூட்டுகளில் உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் கை முஷ்டியாகவும் மடங்காது, விரியவும் விரியாது. நல்ல காலம், ஒரு கெட்டிக்கார டாக்டரம்மா கிடைத்தார். தினமும் ஒரு வெள்ளை மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள், புதன்கிழமை மட்டும், மெத்தோட்ரெக்சேட் நான்கு. அந்த நீளப் பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. ‘புதன் மாத்திரை’ என்றே பெயராகிவிட்டது. அதன் வேகத்தைத் தணிக்க ஃபோலிக் மாத்திரை ஒன்று. ஆறே மாதத்தில் அவள் மறுபடி தூரிகை பிடித்தாள்.

மாத்திரைப் புட்டிகளின் மூடி ஒரு தனிக்கதை. குழந்தைகள் திறக்கக் கூடாதென்று அழுத்தித் திருகும்படி செய்திருக்கிறான் கம்பெனிக்காரன். குழந்தைகள் திறந்துவிடும், அவளால்தான் முடியாது. அதனால் லேப்பிலிருந்து ஒரு காலி மெழுகு டப்பா கொண்டுவந்து, மூன்றையும் அதிலேயே கொட்டி வைத்துக்கொண்டாள். புதன் மாத்திரையும் குட்டி மஞ்சள், ஃபோலிக்கும் குட்டி மஞ்சள். ஊரார் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கா தெரியாது என்று அவளுக்கு ஒரு மிதப்பு.

கல்யாணமாகி நான்காம் வருடம் பிள்ளை வேண்டும் என்று ஆசை வந்தது. டாக்டரம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார்: “புதன் மாத்திரை வயித்துல இருக்கற பிள்ளைக்கு ஆகவே ஆகாது. அதை இன்னியோட நிறுத்திடணும். மூணு மாசம் இடைவெளி விட்டுத்தான் முயற்சி பண்ணணும். வெள்ளை மாத்திரை இருக்கட்டும், அதால தொந்தரவு இல்ல. ஃபோலிக்கைத் தினமும் போடுங்க. மிச்சம் இருக்கற புதன் மாத்திரையை மருந்துக் கவுண்டர்ல திருப்பிக் கொடுத்துடுங்க.”

திருப்பிக் கொடுக்கும் வேலையை அவள் புருஷன் எடுத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கழற்றிய நட்டு எத்தனை, மாட்டிய நட்டு எத்தனை என்று சட்டைப்பை நோட்டில் எழுதி, இரண்டும் ஒத்துப்போனால்தான் லிஃப்டை ஓட விடுவான். வீட்டில் ஜன்னல் கொக்கி மாற்றினால்கூட நோட்டு வெளியே வரும். டப்பாவை விளக்கடியில் வைத்து, புதன் மாத்திரையைப் பொறுக்கியெடுத்துப் பழைய புட்டியில் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றான். அன்றைக்குக் கட்டிலை நகர்த்திக் கூட்டினான், ஃபிரிட்ஜை நகர்த்திக் கூட்டினான். ஏதோ சுத்தம் செய்கிற வெறி வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று மாதம் பொறுத்தார்கள். பிறகும் சில மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காலையில் பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு வந்தது.

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மருமகளை உட்கார்த்தி வைத்து, “நீ அசையக் கூடாது, நான் சொல்லிட்டேன்” என்றாள். புருஷன் சிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. பயமாக இருக்கும், முதல் பிள்ளையல்லவா என்று அவள் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஜன்னலோரம் நின்று மெழுகு டப்பாவைத் திறந்தாள். புதன் மாத்திரைதான் போய்விட்டதே என்று அரையிருட்டில் துழாவி, பெரிதாக ஒரு வெள்ளை, குட்டியாக ஒரு மஞ்சள் எடுத்து வாயில் போட்டுக்கொள்பவள், அன்று வெயில் நேராக டப்பாவுக்குள் விழுந்ததால் பார்த்தாள். பத்துப் பதினைந்து ஃபோலிக் மாத்திரைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் மட்டும் வேறு மஞ்சளாக இருந்தது. அரை மாற்றுக் குறைவு. வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது.

புதன் மாத்திரை!

இது ஒன்றுதான் தப்பிக் கிடந்ததா? இல்லை, பத்து தப்பிக் கிடந்து, ஒன்பதை ஃபோலிக் என்று நினைத்து விழுங்கிவிட்டோமா? எந்த மாதம் விழுங்கினோம்? பிள்ளை தரித்த பிறகா? யாரிடம் கேட்பது? புருஷனிடம் சொன்னால் மனுஷன் உடைந்து போவான், பொறுக்கியெடுத்தவன் அவன்தானே. டாக்டரம்மாவிடம் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வாரோ, அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. தெரிந்தது ஒரே ஒரு சட்டம். சந்தேகம் வந்தால் மொத்தமாகக் கொட்டு.

டப்பாவை லேப்புக்கு எடுத்துப் போனாள். அதைப் பல் செய்கிறவள் கொட்டுகிற மாதிரியே கொட்டினாள்: ரப்பர்க் கிண்ணத்தில் மாத்திரைகளைப் பரப்பி, மேலே பல் அச்சு வார்க்கிற மாவுக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினாள். கால் மணி நேரத்தில் இறுகிவிட்டது. இனி அந்த மாத்திரைகளைத் தெரியாத்தனமாகக்கூட யாரும் வாயில் போட முடியாது. வெள்ளையும் போயிற்று, ஃபோலிக்கும் போயிற்று. கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்தாள். குப்பையில் போட ஏனோ மனசு வரவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம் போலிருக்கிறதே என்று ஒரு நப்பாசை. மூன்றாம் வாரம் விரல்கள் பழைய கணக்கை எடுத்தன. நான்காம் வாரம் குழாயைத் திருக முடியவில்லை. ஜாக்கெட் கொக்கியை மாமியார் மாட்டிவிட்டாள்.

“மாத்திரையெல்லாம் போடறியா இல்லியா?” என்று மாமியார் ஒருநாள் கேட்டாள்.

“இந்த நேரத்துல வேண்டாம்னு நிறுத்திட்டேன் அத்தை.”

“நல்லதாப் போச்சு. நான் மூணு பெத்தேன், ஒரு மாத்திரையைக் கண்ணால பார்த்ததில்ல” என்றாள் மாமியார். சொல்லிவிட்டு மருமகளின் வீங்கின மணிக்கட்டைப் பார்த்தாள். “ஆனா எனக்குக் கை இப்படி இல்லையே” என்று தனக்குள்ளேயே முனகிக்கொண்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் வாரம் லேப்பில் மூன்று பல்லை ஒன்றாகக் கோத்துச் செய்த பீங்கான் பாலம் ஒன்றைக் கீழே போட்டாள். நான்கு நாள் வேலை சுக்குநூறாகிவிட்டது. முதலாளி வாய் ஓயாத மனுஷர், அன்று திட்டாமல் தானே குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். அதுவே அவளுக்கு அழுகையாக வந்தது. அவர் பின்பக்கம் போய் அவள் புருஷனுக்குப் போன் போட்டார். “தம்பி, நிறக்கண்ணால தூரிகை பிடிக்க முடியல. வந்து கூட்டிட்டுப் போ. நேரா டாக்டர்கிட்ட போ, வீட்டுக்குப் போகாத.”

புருஷன் வந்து கூட்டிப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது, வீட்டிலிருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார்கள். அதற்காக ஒரு எட்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் அலமாரியைத் திறந்து, துணிப்பையில் எதையோ போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

“என்னடி இது, கல்லு மாதிரி கனக்குது?”

“மாத்திரைதான். வாங்க.”

அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மசக்கைக்காரியிடம் தர்க்கம் வேண்டாம் என்று வண்டியை எடுத்தான்.

டாக்டரம்மா அவள் இரண்டு கைகளையும் தன் உள்ளங்கையில் ஏந்தி, ஒவ்வொரு மூட்டாக மெல்ல அழுத்திப் பார்த்தார். “எத்தனை வாரம்?”

“பத்து.”

“மாத்திரையெல்லாம் எங்க?”

அவள் பையிலிருந்து மாவுக்கல் கட்டியை எடுத்துத் தலைகீழாக மேசைமேல் வைத்தாள். கிண்ணத்தின் அடிப்பாகம் மேலே வந்ததில், வெள்ளையும் மஞ்சளுமாக மாத்திரைகள் பதிந்து முறைத்தன. இருபது வருட அனுபவத்தில் டாக்டரம்மா என்னென்னவோ பார்த்திருப்பார், இதைப் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் வெயில், வேறு மஞ்சள், பொடியில் பொடி கலந்தால் கொட்டுகிற சட்டம், எல்லாம். “இதோ, ஓரத்துல இருக்கே, இதுதான். இது ஒண்ணைத்தான் பார்த்தேன். மத்தது எத்தனை வயித்துக்குள்ள போச்சுன்னு தெரியல டாக்டர். என் பிள்ளைக்கு நானே விஷத்தைக் கொடுத்துட்டேனோன்னு அஞ்சு வாரமா தூங்கல.”

புருஷன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான்.

“ஒண்ணா?” என்றான்.

“ஒண்ணுதான்.”

“நல்லாப் பார்த்தியா? ஒண்ணே ஒண்ணுதானா?”

“மஞ்சள் பார்க்கறதுதான் என் பொழப்பு.”

அவன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கம். தேடவேண்டிய அவசியமே இல்லாமல் அங்கே திறந்தது. அடிக்கடி திறந்த பக்கம் என்று பார்த்தாலே தெரிந்தது. மேசைமேல் வைத்தான். கட்டைக் கையெழுத்தில் இருந்தது: வாங்கியது நாற்பது. நான்கு வாரம் சாப்பிட்டது பதினாறு. இருக்க வேண்டியது இருபத்துநான்கு. திருப்பிக் கொடுத்தது இருபத்துமூன்று. அதற்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் ஒன்று என்ற எண்.

“ஒண்ணு குறைஞ்சுது டாக்டர்” என்றான். “கவுண்டர்ல, பரவாயில்ல எங்கயாவது விழுந்திருக்கும்னாங்க. கட்டிலுக்கு அடியில தேடினேன், ஃபிரிட்ஜுக்கு அடியில தேடினேன். இவகிட்ட சொன்னா பயந்துடுவான்னு சொல்லல. ரெண்டு கோடு வந்ததுலேருந்து அந்த ஒண்ணு இவ வயித்துல போயிருக்குமோன்னு செத்துப் பொழைக்கறேன்.”

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஓரத்து மஞ்சளைக் குனிந்து பார்த்தார்.

“அதேதான். மேல இருக்கற எழுத்து பாதி தெரியுது” என்றார். “காணாமப் போன ஒண்ணு இங்க இருக்கு. இருபத்துமூணும் இதுவும் சேர்ந்தா இருபத்துநாலு. நீங்க எதையும் முழுங்கலம்மா.”

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா காகிதக் கைக்குட்டையை நீட்டிவிட்டு, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஒரு பிடி பிடித்தார்.

“இப்ப நான் திட்டப் போறேன், ரெண்டு பேரும் வாங்கிக்குங்க. பொடியில சந்தேகம்னா பொடியைக் கொட்டுவீங்க, சரி. தூரிகை, மேசை, நாற்காலி எல்லாத்தையுமா கொட்டுவீங்க? வெள்ளை மாத்திரை பிள்ளைக்கு ஆகாததுன்னு யார் சொன்னா? கர்ப்பத்துலயும் தொடரலாம்னுதானே அதை விட்டு வெச்சேன். அதை நிறுத்தினதுதான் தப்பு. மூட்டுல இப்படி நெருப்பு எரிஞ்சுட்டே இருந்தா பிள்ளை எடை குறையலாம், நாள் முந்திப் பொறக்கலாம். வெள்ளையையும் ஃபோலிக்கையும் இன்னிக்கே ஆரம்பிங்க. வீக்கம் அடங்க வேற ஒண்ணு சின்ன அளவுல கொஞ்ச நாளைக்கு எழுதறேன். கடையில வலி மாத்திரை வாங்கி நீங்களா போட்டுடாதீங்க. எது ஆரம்பிச்சாலும் எது நிறுத்தினாலும் முதல்ல எனக்கு ஒரு போன். ஒவ்வொண்ணும் அதது புட்டியிலயே இருக்கட்டும். சாதாரண மூடி போட்டுத் தரச் சொல்றேன். அப்படிக் கேட்டா தருவாங்க, நீங்க கேக்கவே இல்ல.”

பிறகு ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். திரையில் ஒரு சின்ன மினுக்கம் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. வயதுக்கேற்ற வளர்ச்சி இருக்கிறது, மற்றதை இருபதாம் வாரத்தில் விவரமாகப் பார்ப்போம் என்றார்கள். வெளியே வந்ததும் அவன் தண்ணீர் பிடித்து வந்து, புதுப் புட்டியின் சாதாரண மூடியைத் திறந்து நீட்டினான். அவள் வெளிச்சத்தில் வைத்து ஒரு தரம் நிறம் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள். பழக்கம் விடுமா?

லிஃப்டில் இறங்கும்போது அவர்கள் இருவர் மட்டும்தான். எந்த லிஃப்டில் ஏறினாலும் கயிறு எப்படி, கதவு எப்படி என்று நாலு குறை சொல்லாமல் இறங்காதவன், அன்று நேராகச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். நோட்டை எடுத்தான். சிவப்பு வட்டத்தின் மேல் சரி என்று ஒரு கோடு போடப் பார்த்தான். கண்ணில் நீர் முட்டி வட்டமே தெரியவில்லை. நாலு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“நீ சொன்னியா?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பேனாவை வாங்கினாள். வீங்கின விரலால் அதைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அவன் தன் கையை அவள் கைமேல் வைத்தான். வலிக்குமோ என்று உடனே எடுக்கப் போனான்.

“எடுக்காதீங்க, அப்படியே பிடிச்சுக்குங்க” என்றாள் அவள். இருவரும் சேர்ந்து அந்தக் கோட்டைப் போட்டார்கள்.