அலமாரியில் இருக்க வேண்டிய போன்

ஜெயந்துக்கு வேலை, போன்களைக் கட்டிப்போடுவதும் அவிழ்த்துவிடுவதும். கல்கத்தாவின் சால்ட் லேக் ஐந்தாவது செக்டாரில் ஒரு கம்பெனி. ஊழியர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு போனையும் அவன்தான் சிஸ்டத்தில் சேர்ப்பான். சேர்த்துவிட்டால் போன் யார் கையில் இருந்தாலும் கடிவாளம் ஜெயந்த் கையில். தொலைந்தால் பூட்டலாம், எங்கே இருக்கிறதென்று பார்க்கலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் கத்தவைக்கலாம். ஆள் வேலையை விட்டுப் போனால் போனைத் திரும்ப வாங்கி, உள்ளே இருப்பதை அழித்து, சிஸ்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். சேர்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். நீக்குவதற்குத்தான் மேலதிகாரியின் அனுமதி, காரணம், விளக்கம் என்று ஆயிரம் தொல்லை. நம்ம ஆள் லேசுப்பட்டவனா? நீக்கும் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, திரும்பி வந்த போன்களையெல்லாம் 'ஸ்பேர்' என்ற பிரிவில் போட்டுவைத்தான். ஸ்பேர் என்றால் அலமாரியில் தூங்குகிறது என்று அர்த்தம்.

அப்படித் தூங்கியிருக்க வேண்டிய ஒரு போனைத்தான் போன வருஷம் பாய்ஃபோட்டாவுக்குத் தன் அக்கா அனந்தலக்ஷ்மிக்குக் கொடுத்தான்.

பாய்ஃபோட்டா வங்காளிகளின் பண்டிகை. காளி பூஜை முடிந்த கையோடு வரும். உடன்பிறந்தானை உட்காரவைத்து, அக்காவோ தங்கையோ இடது கைச் சுண்டு விரலால் அவன் நெற்றியில் சந்தனம் வைப்பாள், ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். பக்கத்து வீட்டு வங்காளி மாஷிமா செய்வதைப் பார்த்துச் சின்ன வயதில் பிடித்துக்கொண்ட பழக்கத்தை அக்கா இன்றுவரை விடவில்லை. அவள் பஞ்சாபி எடுத்துக் கொடுப்பாள், முழங்கால் வரை வரும் அந்த ஜிப்பா. பதிலுக்குத் தம்பியும் ஏதாவது கொடுக்க வேண்டும்.

வேலையை விட்டுப்போன ஒரு மேனேஜரின் போன், கீறல்கூட இல்லாதது. பளபளப்புத் தாள் சுற்றி நீட்டியபோது, "உனக்காக வாங்கினேன்க்கா" என்று கூசாமல் சொன்னான்.

"எதுக்குடா இவ்வளவு செலவு!" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த கம்பெனி பெயரைக் காட்டி, "இது என்னடா, உன் ஆபீஸ் பேர்?" என்று கேட்டாள்.

"அது செக்யூரிட்டிக்கு. கண்டுக்காதே."

அவளும் கண்டுகொள்ளவில்லை. தம்பி வாங்கிக்கொடுத்தது என்று கடைக்காரன் வரைக்கும் காட்டியாயிற்று.

இந்த வருஷம் பாய்ஃபோட்டாவுக்கு முதல் நாள் ஜெயந்தின் சீட்டுக்குப் பின்னால் மஹிமா வந்து நின்றாள். பெங்களூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் மேலதிகாரி. சிஸ்டத்தில் இருப்பதையும் அலமாரியில் இருப்பதையும் ஒத்துப்பார்க்கிற ரகம். அப்படி யாராவது செய்வார்கள் என்று ஜெயந்த் கனவிலும் நினைத்ததில்லை.

"ஸ்பேர்ல இருக்கற இந்த போன் இன்னிக்குக் காலையிலகூட சிஸ்டத்தோட பேசியிருக்கு. அலமாரியில காணோமே?" என்றாள் ஆங்கிலத்தில்.

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும். ஒரு மெமோ வந்திருக்கும். அதோடு போயிருக்கும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. "யாரோ எடுத்துட்டுப் போயிருக்கணும், மேடம்."

"திருட்டா?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப லாஸ்ட் மோட் போடுங்க. இப்பவே."

பாத்ரூம் போகிறேன் என்று எழுந்துபோய் அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த யோசனை வராமல் இல்லை. ஆனால் மஹிமா நகரவில்லை, அவனுக்கு எழுந்திருக்கத் தைரியமும் இல்லை. பொத்தானை அழுத்தினான். போன் தன்னைப் பூட்டிக்கொண்டு கத்தத் தொடங்கியிருக்கும். வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றியது, கரியாஹாட்டில், நடைபாதைக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில். அக்கா எதற்கு அங்கே போயிருப்பாள் என்று அவனுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

லாஸ்ட் மோட் போட்டால் திரையில் வரும் வாசகம் அவன் எழுதியதுதான். இது இன்ன கம்பெனிக்குச் சொந்தமான போன், கண்டெடுத்தவர் கீழே உள்ள பொத்தானை அழுத்திக் கூப்பிடவும். நல்லதாக அமைந்துவிட்டது என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் மணி அடிப்பது அவன் மேஜையில்.

அடித்தது. அவன் எடுப்பதற்குள் மஹிமா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அண்ணே, உங்க போன் எங்ககிட்ட சிக்கிடுச்சு!" யாரோ ஒரு கடைக்காரர், வங்காள மொழியில் உற்சாகமாகக் கத்தினார். "ஒரு பொம்பளை வெச்சிருந்தா. பஞ்சாபி பாத்துட்டு இருந்தா, திடீர்னு போன் ஊன்னு அலறுது. கூட்டமே கூடிடுச்சு. போலீசைக் கூப்பிடட்டுமா?"

"ஹலோ" என்றான் ஜெயந்த்.

அந்தப் பக்கமும் ஸ்பீக்கர்தான்; அந்த ஒரு ஹலோ அக்காவுக்குப் போதுமாக இருந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல், வங்காள மொழியில், நிதானமாகச் சொன்னது: "ஆட்டோவுல கிடந்தது. எடுத்தேன். யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. குடுத்துடறேன்."

பரீட்சையில் தம்பி காப்பியடித்ததைக்கூட அப்பாவிடம் மறைக்கத் தெரியாத அக்கா. நடுத்தெருவில் நின்றுகொண்டு அவனுக்காகப் பொய் சொன்னாள். ஜெயந்துக்குக் காது மடல் வரை சுட்டது. அது என் அக்கா என்று மூன்றே வார்த்தை. மஹிமாவின் கை அவன் நாற்காலி முதுகில் இருந்தது.

"போலீஸ் எல்லாம் வேணாம்" என்றான். "போன் கிடைச்சா போதும். அந்த லேடியை விட்டுடுங்க."

மஹிமா அவன் தோளைத் தட்டினாள். "குட் வொர்க். நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க."

கடைக்காரர் போனை ஒரு வீரனைப்போல எடுத்து நீட்டினார். அவள் பையைக் கொட்டச் சொன்னார்களாம். அதில் வெற்றிலையும், சந்தனக் கட்டையும், இனிப்புப் பெட்டியும்தான் இருந்தனவாம். "பாத்தா நல்ல குடும்பத்துப் பொம்பளை மாதிரிதான் இருந்தா. யாரை நம்பறது சொல்லுங்க? தம்பிக்குன்னு இந்த பஞ்சாபியை எடுத்து வெச்சிருந்தா. காசு நீட்டினா, நான் வாங்கலை. திருட்டுக் காசோ என்னவோ!"

நீல நிறம், ஜெயந்தின் அளவு. "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்தான். அதையும் சொல்லித்தானே ஆக வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அக்கா வீட்டுக் கதவைத் திறந்தது அத்திம்பேர் வெங்கடசுப்ரமணியன். வங்கி அதிகாரி. ஒரு சாமான் தொலைந்தால் ஒரு வாரம் அதைப் பற்றியே பேசுகிறவர்.

"வா ஜெயந்த். உன் அக்கா பண்ணின காரியத்தைக் கேட்டியோ? நீ ஆசையா வாங்கிக் குடுத்த போனை ஆட்டோவுல விட்டுட்டு வந்து நிக்கறா. பராக்கு பாத்துண்டே போனா வேற என்ன ஆகும்? நேத்துலேர்ந்து திட்டிண்டே இருக்கேன், வாயைத் திறக்க மாட்டேங்கறா."

அக்கா கூடத்தில் மணையைப் போட்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். "உக்காருடா" என்றாள், முகத்தைப் பார்க்காமல். பக்கத்தில் அவளுடைய பழைய போன், கண்ணாடி விரிசல் விட்டது, மறுபடி சார்ஜில் கிடந்தது.

அவன் மணையில் உட்கார்ந்தான். தட்டில் அருகம்புல், நெல், சந்தனம் எல்லாம் இருந்தன. பஞ்சாபி மட்டும் இல்லை. சந்தனத்தைத் தொட்டு அவள் விரலை எடுத்தபோது அவனால் அதற்கு மேல் முடியவில்லை.

"அத்திம்பேர், அக்கா அதைத் தொலைக்கலை. நான் அதை வாங்கவே இல்லை. ஆபீஸ் போன். சொல்லாம எடுத்துண்டு வந்தேன். நேத்து மேடம் கேட்டா. திருட்டுப் போச்சுன்னு சொல்லிட்டு நானே பூட்டினேன்."

வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கு நேத்தே புரிஞ்சுடுத்து" என்றாள் அனந்தலக்ஷ்மி. குரல் உயரவில்லை. "திரையில உன் ஆபீஸ் பேர் வந்தது. என்னைத் திருடின்னு சொன்னா. பையைக் கொட்டச் சொன்னா, கொட்டினேன். அவாளுக்கு என்னைத் தெரியாது, சொல்லிட்டுப் போறா. நீ ஹலோன்னதும் அப்பாடான்னு இருந்ததுடா எனக்கு. உனக்கு ஏதாவது ஆயிடுமேன்னு என்னமோ உளறினேன். நீ சமாளிச்சுப்பே, இவ என் அக்கான்னு எப்படியாவது சொல்லிடுவேன்னு காதைத் தீட்டிண்டு நின்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த லேடின்னியே, யாருடா அந்த லேடி?"

ஜெயந்த் தலையைக் குனிந்துகொண்டான். போனை எடுத்ததற்கும் பொய் சொன்னதற்கும் ராத்திரி முழுக்க மன்னிப்பு யோசித்து வைத்திருந்தான். இதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்த இடம் பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"அந்த மேடத்தைக் கூப்பிடு" என்றாள் அக்கா. "நான் யாருன்னு சொல்லு. அப்புறம் சந்தனம் வெச்சு விடறேன்."

"வேலை போயிடுமே, லக்ஷ்மி" என்றார் அத்திம்பேர் மெதுவாக.

சந்தனம் தொட்ட அவள் சுண்டு விரல் அவன் நெற்றிக்கு முன்னால் அப்படியே நின்றது. விளிம்பில் சந்தனம் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஜெயந்த் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாளோ என்று கணநேரம் ஒரு ஆசை வந்தது, அதற்கும் வெட்கப்பட்டான்.

"சொல்லுங்க, ஜெயந்த்."

"மேடம், நேத்து கரியாஹாட்ல ஒரு லேடியைப் பிடிச்சாங்களே..." அக்காவின் விரல் அசையவில்லை. "அவங்க என் அக்கா, மேடம். என் கூடப்பிறந்த அக்கா. திருடினது நான்."