மீடியம் சைஸ் பொண்ணு

துணிக்கடைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறதுன்னா எங்கம்மா நூறு தடவை யோசிப்பா. நான் ஒண்ணும் விலை ஜாஸ்தியாக் கேக்குறவ இல்ல. எந்தச் சட்டையை எடுத்தாலும் முதல்ல உள்பக்கத்தைத் திருப்பிப் பாப்பேன். தையல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, தோள்ல எத்தனை துண்டு, அக்குள்ல என்ன பண்ணியிருக்காங்க, எல்லாம் பாக்கணும். கடைப் பொண்ணுங்க முறைப்பாங்க. "வாங்குறதுன்னா வாங்குங்க, ஆபரேஷன் பண்ணாதீங்க"ன்னு ஒருத்தி சொல்லியே சொல்லிட்டா. அம்மா அப்புறம் அந்தக் கடை இருக்குற தெருப் பக்கமே போகல. என் தம்பி எனக்கு வச்ச பேரு 'உள்பக்கம்'. "ஏய் உள்பக்கம், உனக்குப் போன்"னுதான் கூப்பிடுவான், கடன்காரன்.

எனக்கிருந்த அந்தத் தையல் பைத்தியம்தான் என்னை ஒரு கம்பெனி வாசல்ல கொண்டுபோய் நிறுத்துச்சு. பெண்களுக்கு ரெடிமேட் டிரெஸ் செய்யுற கம்பெனி, நல்ல பேரு. டிசைன் ரூமுக்கு ஆள் வேணும்னு கேட்டிருந்தாங்க. நானே வெட்டி நானே தைச்ச கோட்டு ஒண்ணைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். சாதாரணக் கோட்டுல கையைத் தூக்கினா மொத்தமும் கழுத்துக்கு ஏறும். பஸ்ல மேல்கம்பியைப் பிடிக்குற பொண்ணுங்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. என் கோட்டு ஏறாது. அக்குளுக்குக் கீழ ஒரு சின்னத் துண்டு வச்சு, கையை வேற மாதிரி வெட்டியிருந்தேன். அந்த வெட்டைக் கண்டுபிடிக்குறதுக்குள்ள எங்க வீட்டு ஜன்னல் திரையும் அப்பாவோட போர்வையும் உயிரை விட்டுச்சு.

ஹெட் டிசைனர் மேடம் கோட்டைத் தொடவே இல்ல. என்னைத்தான் பாத்தாங்க. "எழுந்திரு. திரும்பு. கையைத் தூக்கு. கொஞ்சம் நட." அப்புறம் உக்காந்த இடத்துல இருந்தே, "மாஸ்டர், டேப் கொண்டாங்க"ன்னாங்க. துணி வெட்டுற மாஸ்டர் வந்து தோள், மார்பு, இடுப்புன்னு அளந்தார். அளந்துட்டு, புதையல் கிடைச்சவர் மாதிரி சிரிச்சார்.

"அப்படியே இருக்கு மேடம். நூல் பிசகல."

மேடம் விஷயத்தைச் சொன்னாங்க. புது டிரெஸ் எதுவா இருந்தாலும் முதல் சாம்பிளை மீடியம் சைஸ்லதான் தைப்பாங்களாம். அதை உயிருள்ள ஒரு உடம்புல போட்டுப் பாத்து, சரிபண்ணின பிறகுதான் மத்த சைஸுக்கு வெட்டுவாங்களாம். அப்படி ஒரு உடம்பைத் தேடி அவங்க அலையாத இடம் இல்லையாம். "இப்போதைக்கு இதுல நில்லும்மா. ஒரு சீசன் போகட்டும். டிசைன் ரூம்ல ஒரு இடம் காலியாகுது. அது உனக்குத்தான்."

உனக்குத்தான்! அந்த ஒரு வார்த்தையில நான் கவுந்துட்டேன். டிசைன் ரூம்ல ஒரு இடம், அவ்வளவுதான் நான் இந்த உலகத்துல கேட்டது. அம்மா அன்னிக்கே சித்திக்குப் போன் போட்டு, "என் பொண்ணு டிசைனர் ஆயிட்டா"ன்னு சொல்லிட்டா. "இன்னும் ஆகலம்மா"ன்னேன். "ஆகப் போறதானே, இப்பவே சொன்னா என்ன குறைஞ்சிடும்?"னா.

நிக்குற வேலைதானே, லேசுன்னு நினைச்சேன். நின்னு பாத்தாத்தான் தெரியும். கண்ணாடி முன்னாடி ஒரு சின்ன மேடை, அதுமேல நான். சுத்தி மேடம், மாஸ்டர், டிசைன் ரூம் ஆளுங்க. "மீடியத்துக்கு வயித்துக்கிட்டத் தூக்குது." "மீடியத்துக்கு முதுகுல கொஞ்சம் எடுங்க." நான் அங்கேயே நிக்குறேன், ஆனா என்னைப் பத்தி யாரோ மாதிரிப் பேசுவாங்க. பெத்தவங்க வச்ச பேரு வாசல்லயே கழண்டு போச்சு. குண்டூசி குத்தினா அசையக் கூடாது. சாம்பிள்ல ரத்தம் பட்டா திட்டு எனக்குத்தான், குத்தினவங்களுக்கு இல்ல. "இங்க இழுக்குதா?"ன்னு கேட்டா "இழுக்குது", இல்லன்னா "இழுக்கல". அதுக்கு மட்டும்தான் எனக்கு வாய்.

ஒரு நாள் அந்த வாய் சும்மா இருக்கல. புதுசா ஒரு கோட்டு போட்டுவிட்டாங்க. கையைத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினேன், மொத்தமும் கழுத்துக்கு வந்துடுச்சு. அதைச் சரிபண்ண மாஸ்டர் எங்கெங்கயோ ஊசி குத்துறார். பாத்துட்டுச் சும்மா நிக்க என்னால முடியல. "அக்குள்ல ஒரு துண்டு வச்சு, கையைக் கொஞ்சம் முன்னாடி திருப்பி வெட்டினா ஏறாது மேடம். நான் கொண்டுவந்த கோட்டுல அப்படித்தான் பண்ணியிருக்கேன்"னேன்.

மாஸ்டர் ஊசியை நிறுத்திட்டு மேடத்தைப் பாத்தார். மேடம் கோபப்பட்டிருந்தாக் கூடப் பரவாயில்ல. "மீடியம், இழுக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லு, போதும்"னாங்க, குழந்தைகிட்டச் சொல்ற மாதிரி. யாரோ சிரிச்சாங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போய், பாத்ரூம்ல குழாயைத் தொறந்துவிட்டு அழுதேன். அவமானம் பாதி, ஆத்திரம் பாதி. மறுநாள் போகாம இருந்திருக்கலாம். ஆனா அந்த ரூமுக்கு வழி இந்த மேடை வழியாத்தான்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

வாரா வாரம் டேப் வச்சுப் பாப்பாங்க. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வீட்டுல தட்டு முன்னாடி உக்காந்தா எனக்கு மாஸ்டர் முகம்தான் தெரியும். ரெண்டு வாய் சாப்பிட்டு எழுந்துடுவேன். "சோத்தைப் பாத்துப் பயப்படுற ஒரே ஜென்மம் நீதான்டி"ன்னு அம்மா கத்துவா. தம்பி ஒரு பக்கம், "அக்காவுக்கு மீடியமாப் போடும்மா"ன்னு எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துவான். ஒரு தடவை காய்ச்சல்ல படுத்து எழுந்து போனேன். எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல. "இடுப்பு இளைச்சிருக்கு, ஒரு வாரம் நல்லா சாப்பிட்டுட்டு வா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. அந்த வாரம் அம்மாவுக்கு மட்டும் கொண்டாட்டம்.

சீசன் போச்சு. போய்க் கேட்டேன். "அடுத்த சீசன்"னாங்க. அதுவும் போச்சு. மறுபடியும் போய் நின்னேன். மேடம் உண்மையாவே யோசிக்குற மாதிரி நெத்தியைத் தேய்ச்சாங்க. "எனக்கு ஆசைதான். ஆனா நீ உள்ள வந்துட்டா இங்க யாரு நிப்பா?"

அப்போதான் டம்மி, அதாவது துணி மாட்டிப் பாக்குற பொம்மை பத்தின பேச்சு வந்துச்சு. கடையில வாங்குற பொம்மைக்கும் நிஜ உடம்புக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. ஆனா இப்ப ஒரு மெஷின் வந்திருக்காம். அதுக்குள்ள என்னை நிக்க வச்சுப் படம் எடுத்தா, அச்சு அசலா என் உடம்பு மாதிரியே ஒரு பொம்மை செஞ்சு தந்துடுவாங்களாம். "அது வந்துட்டா நீ ஃப்ரீ"ன்னாங்க மேடம்.

அவங்க கூட மறந்திருப்பாங்க. நான்தான் விடல. "மேடம், அந்த டம்மி என்ன ஆச்சு?"ன்னு போகும்போதும் வரும்போதும் நச்சரிச்சு, கடைசியில அந்தப் பொம்மை செய்யுற இடத்துக்கு என்னை அனுப்பி வச்சாங்க. மெல்லிசா ஒரு உள்ளாடையோட, கூண்டு மாதிரி ஒண்ணுக்குள்ள கையை விரிச்சு, மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். டிசைன் ரூமை நினைச்சு சிரிப்பு வந்துடுச்சு, உடம்பு அசைஞ்சிடுச்சு, திரும்ப எடுத்தாங்க. அங்க இருந்த ஆளு, "நல்ல அளவும்மா. இந்த அளவைத்தான் எல்லாரும் கேக்குறாங்க"ன்னார். எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அன்னிக்கு அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்.

பொம்மை வந்துச்சு. தலை இல்ல, முழங்கைக்குக் கீழ கை இல்ல. மத்ததெல்லாம் நான். மாஸ்டர் சுத்திச் சுத்திவந்து டேப் வச்சுப் பாத்தார். "ஆஹா! இவளுக்குப் பசிக்காது, காய்ச்சல் வராது, ஊசி குத்தினா 'ஸ்'ஸுன்னு கத்த மாட்டா"ன்னு என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். நானும் சேந்து சிரிச்சேன். "பத்திரமாப் பாத்துக்கங்க மாஸ்டர், நான் உள்ள போறேன்"னேன்.

மறுநாள் என் பென்சில், கத்தரி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நேரா டிசைன் ரூமுக்குப் போனேன். காலியா இருந்த இடத்துல வேற ஒரு பொண்ணு உக்காந்து ஏதோ வரைஞ்சுக்கிட்டு இருந்தா. என்ன வேணும்னு என்னைக் கேட்டா. நான் மேடம்கிட்ட ஓடினேன்.

"அந்தப் பொண்ணு டிசைன் படிச்சிருக்கா, ரெண்டு இடத்துல வேலை பாத்திருக்கா. உனக்கு என்னம்மா அனுபவம் இருக்கு? நின்னதுதானே?"

"நீங்கதான் நிக்கச் சொன்னீங்க."

"ஆமா. ரொம்ப நல்லா நின்ன. அதை நான் யாருகிட்ட வேணும்னாலும் சொல்வேன். இப்ப டம்மி வந்துடுச்சு, அதனால இந்த மாசத்தோட..."

எனக்கு எங்க இருந்து அப்படி ஒரு குரல் வந்துச்சுன்னே தெரியல. "அந்தப் பொம்மைக்கு ஒரு வாய் வச்சுப் பாருங்க மேடம், அப்பத் தெரியும் உங்க யோக்கியதை!"ன்னு கத்தினேன். மொத்த மாடியும் திரும்பிப் பாத்துச்சு. மாஸ்டர் மட்டும் திரும்பல. பொம்மை மேல ஒரு பாவாடையைச் சுத்தி ஊசி குத்திக்கிட்டே இருந்தார்.

வீட்டுல ஆட்குறைப்புன்னு சொல்லிட்டேன். ஒரு பொம்மைகிட்டத் தோத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? அம்மா ஒண்ணும் தோண்டிக் கேக்கல. "போனாப் போகுது, இனிமேலாவது வயிறாரச் சாப்பிடு"ன்னு தட்டு நிறையப் போட்டா. என்னால முடியல. டிசைன் வேலைக்கு ஏறி இறங்காத படி இல்ல, எல்லா இடத்துலயும் அனுபவம் அனுபவம்னு அதே பாட்டு. அப்ப மிச்சம் என்ன இருக்கு? இந்த அளவு ஒண்ணுதான். இதுவும் போயிட்டா நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு பயம் பிடிச்சுக்கிச்சு. வேலை போன பிறகும், யாருமே கேக்காத அந்த டேப்பைத் தினம் நானே இடுப்புல சுத்திப் பாத்தேன். கோட்டைத் தொடுறதையே விட்டுட்டேன்.

கடைசியில, கேவலமோ கீவலமோ, நிக்குற வேலையாவது கிடைக்கட்டும், அங்கயிருந்து மறுபடி உள்ள போகப் பாக்கலாம்னு இன்னொரு கம்பெனிக்குப் போனேன். சின்ன இடம். துணி வெட்டுறது ஒரு அக்கா. வாயில குண்டூசியைக் கடிச்சுக்கிட்டே சிரிக்குற ஆளு. "வாம்மா, வெயில்ல வந்திருக்க, முதல்ல தண்ணி குடி"ன்னாங்க. எனக்கு அதுக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஃபிட்டிங்ல நின்ன அனுபவம் இருக்குன்னேன். எதுக்கும் பாக்கலாம்னு டேப்பை எடுத்தாங்க. தோளை அளந்தாங்க, இடுப்பை அளந்தாங்க. அப்புறம் திரும்பி, மூலையில நின்ன டம்மியை அளந்தாங்க.

"அட, என்ன அதிசயம்! எங்க பொம்மையும் நீயும் அச்சு அசல்!"

அப்பவும் எனக்கு உறைக்கல. என் உடம்பை எனக்கே அடையாளம் தெரியல. "எங்கக்கா வாங்குனீங்க இதை?"ன்னேன்.

"இதுவா? இப்ப எல்லாக் கம்பெனியிலயும் இதுதானே நிக்குது. யாரோ ஒரு பொண்ணோட நிஜ உடம்பை வச்சு செஞ்சதாம். யாரு பெத்த பொண்ணோ, அவ்வளவு அம்சமான அளவு. இது வந்ததுல இருந்து நாங்க ஆளே வைக்குறதில்ல." என் முகத்தைப் பாத்துட்டு டேப்பைச் சுருட்டினாங்க. "உன்னைச் சும்மா அலைய விட்டுட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."

பொம்மை மேல ஒரு கோட்டு மாட்டியிருந்துச்சு. அக்குள்ல தப்பா வெட்டியிருக்காங்கன்னு நின்ன இடத்துல இருந்தே எனக்குத் தெரிஞ்சது. "அது இழுக்கும்கா"ன்னேன். அவங்க அதைத் தட்டிப் பாத்து, "நல்லாத்தானே நிக்குது?"ன்னாங்க. பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். இனி எந்தக் கதவைத் தட்டினாலும் எனக்கு முன்னாடி நான் அங்க நிப்பேன். செத்துப் போனாக் கூட இவ்வளவு முழுசா எடுத்துக்க மாட்டாங்கன்னு தோணுச்சு.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் அம்மா போன் பண்ணினா.

"என்னடி, கிடைச்சுதா?"

"இல்லம்மா. ஏற்கனவே ஆள் இருக்கு."

"யாரு?"

"ஒரு பொண்ணு. இங்க மட்டும் இல்ல, எல்லாக் கம்பெனியிலயும் அவதான் நிக்குறாளாம்."

"ஒருத்தியே எல்லா இடத்துலயுமா?" அம்மா குரல் ஏறுச்சு. "அடிப்பாவி! அப்படி என்ன பேராசை அவளுக்கு? அடுத்தவ பெத்த பிள்ளை வயித்துல அடிச்சுட்டு நிக்குறாளே, அவ நல்லா இருப்பாளா? என் பொண்ணு சோறு தண்ணி இல்லாம அலையுறா, இவ எல்லாத்தையும் வாரிக்கிட்டாளா? நான் வயிறெரிஞ்சு சொல்றேன், அவ உருப்படவே மாட்டா."

"திட்டாதம்மா."

"ஏன் திட்டக் கூடாது? அவ என்ன உனக்கு ஒட்டா உறவா?"

"பாவம்மா அவ. அவளுக்கு இதெல்லாம் தெரியாது"ன்னேன்.

அம்மா நிறுத்தல. நானும் போனை வைக்கல. முழுசாக் கேட்டுக்கிட்டு நின்னேன்.