பெரியவள் உடம்பில் ஒட்டியது

சின்னவள் சாப்பிட்டதெல்லாம் அவளுடைய அக்காவின் உடம்பில் ஒட்டியது. இது எப்போது தொடங்கியது என்பதில் தெருவில் இரண்டு கருத்துகள் உண்டு. சின்னவளுக்குத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பாலில் ஊறவைத்த பிஸ்கட் ஊட்டிய வாரமே தொடங்கிவிட்டது என்பாள் மாடி வீட்டுத் தையல்காரி. இல்லை, அவளுக்கு நான்கு வயது நடந்தபோதுதான் என்பாள் அம்மா. தையல்காரி அளவு நாடாவோடு புழங்குகிறவள் என்பதால் அவள் சொல்வதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாடிப்படியில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி இருவருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனதும் அந்தப் பால் நிறுத்திய ஆண்டுதான். ஆகவே இதை உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அப்பா இறந்துவிட்டார். அம்மா பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்தாள். உடைந்த பிஸ்கட்டுகளை அங்கே பை பையாகத் தொழிலாளிகளுக்கே கொடுத்துவிடுவார்கள். காலையில் ரொட்டி, பள்ளிவிட்டு வந்ததும் உடைந்த பிஸ்கட், இரவில் மறுபடி ரொட்டி. சின்னவள் நாலு துண்டு தின்றால் பெரியவள் அரைத் துண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு போதும் என்று எழுந்துவிடுவாள். கன்னம் தளதளவென்று பெரியவள் வளர்ந்தாள். சின்னவளுக்கு வயிறு மட்டும் தம்பட்டம்போல உப்பியது. கையும் காலும் குச்சி. ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழிப்பறைக்கு ஓடினாள். வாய்ப்புண் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. பள்ளியில் அவளுக்கு ஓட்டைப் பானை என்று பெயர் வைத்தார்கள், வாத்தியார் ஒருவர் உட்பட. “இவ தின்னுறது எல்லாம் எங்கதான் போகுதோ” என்று அம்மா தினமும் கேட்டாள். கேட்கும்போது பெரியவள் பக்கத்திலேயே, இரண்டு மடிப்புத் தாடையோடு, உட்கார்ந்திருந்தாள். இரத்தசோகைக்கு என்று சின்னவளுக்கு ஓராண்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். பெரியவளின் நகங்கள் சிவந்தன.

பெரியவளின் படம் புகைப்படக் கடை ஜன்னலில் வைக்கப்பட்டது. படத்தை எடுத்தவரே பிறகு அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். தெரு முனையிலேயே கடையும் வீடும். சின்னவளுக்குத் தபால் நிலையத்தில் பார்சல் எடை போடும் வேலை கிடைத்தது. அங்கே மூட்டைகளுக்கான தராசு ஒன்று உண்டு. கிராம் வரைக்கும் காட்டும். ஒரு மாதம் தினமும் தன்னையும் அதில் நிறுத்தினாள், ஏதோ சாக்குச் சொல்லி அக்காவையும் வரவழைத்து நிறுத்தினாள். அவள் அதிகம் தின்ற நாட்களில் அக்கா எடை ஏறினாள். காய்ச்சலில் அவள் பட்டினி கிடந்த இரண்டு நாட்களில் அக்கா எழுநூறு கிராம் இறங்கி, மயக்கம் வருகிறது என்று சொல்லிப் படுத்துவிட்டாள். சின்னவள் எடைகளைக் குறித்துவைத்த நோட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு மூடினாள்.

“சரி, வெளியாள் உடம்புக்கா போகுது? கூடப் பொறந்தவகிட்டதானே இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு.”

அம்மாவுக்கு அது முன்பே தெரியுமா என்று சின்னவள் அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை.

இரண்டு கிலோ பார்சல் ஒன்றைத் தூக்கியபோது சின்னவளின் மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவளுக்கு இருபத்திமூன்று வயது. தபால் ஊழியர்களைப் பார்க்க வரும் லேடி டாக்டர் கைக்கட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். முழங்கையில் இருந்த கொப்புளங்களைத் தொட்டுப் பார்த்தார். மலம் எத்தனை தடவை, தண்ணீரில் மிதக்கிறதா, எண்ணெய்ப் பசை உண்டா, பாதம் மரத்துப்போகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார்.

“இத்தனை வருஷமா யாருமே இதையெல்லாம் கேக்கலையா?”

“எங்க போகுதுன்னு மட்டும் கேட்டாங்க, டாக்டர்.”

சீலியாக் நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். டர்க்கித் துண்டில் நூல் நீட்டிக்கொண்டிருப்பதுபோலக் குடலுக்குள் பொடிப்பொடியாக விரல்கள் நீட்டிக்கொண்டிருக்குமாம். கோதுமையோ பார்லியோ உள்ளே போனால் இவளுடைய உடம்பே அந்த விரல்களை வழித்துத் தரையாக்கிவிடும். பிறகு சாப்பாட்டைப் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது. முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும், பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். எடை நோட்டையும் டாக்டர் புரட்டிப் பார்த்தார். கணக்கில் தவறில்லை என்றார்.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பரிசோதனை முடியிற வரைக்கும் ரொட்டியை நிறுத்திடாதீங்க. ஆறு வாரமாவது தினம் சாப்பிட்டிருக்கணும். நிறுத்திட்டு வந்தா ரத்தத்துல தடயம் இருக்காது. ஒண்ணுமில்லைன்னு ரிசல்ட் வந்துடும்.”

டாக்டர் சொன்னதில் அம்மா இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். பெரியவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். பிரசவம் முடியட்டும், அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் என்றாள். பரிசோதனைக்குக் கொடுத்த முதல் தேதி தள்ளிப்போனது. குழந்தை நான்கு கிலோவில் பிறந்தது. பால் கொடுக்கிறாள், இப்போது போய் நிறுத்துவதா என்று இரண்டாவது தேதி போனது. பால் மறப்பதற்குள் பெரியவள் மறுபடி உண்டானாள். மூன்றாவது தேதி போனது. நான்காவது தேதியை அம்மாவே சின்னவளின் குரலில் டாக்டரின் உதவியாளருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். குரல் அப்படியே இருந்தது என்று அந்த உதவியாளர் பிற்பாடு ஒப்புக்கொண்டார். சின்னவள் ஏன் சும்மா இருந்தாள் என்று கேட்கத் தோன்றும். பரிசோதனையில் பிசகு வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுடைய பயம். தேதி எப்போது கிடைத்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டே, வேளைக்கு இரண்டு துண்டு வீதம் மூன்று ஆண்டு தின்றாள். தலைமுடி கொத்தாக வந்தது. இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. மாதவிலக்கு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் புகைப்படக்காரர் வெண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். மரியாதை தெரிந்த மனிதர்.

“கூச்சப்படாம இன்னும் ரெண்டு போட்டுக்கம்மா. உங்க அக்கா கொஞ்சம் வாடின மாதிரி இருக்கா.”

ஐந்தாவது தேதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மதிய உணவு நேரத்தில் கவுண்டரை மூடிவிட்டு ஆறு தெரு நடந்தாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். இரத்தப் பரிசோதனையில் வந்த அளவை இயந்திரத்தால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதன் உச்ச வரம்புக்கு மேல் என்று மட்டும் அச்சடித்தது. பிறகு குழாய் விட்டு எடுத்த படத்தை டாக்டர் காட்டினார். கழுவி விட்ட தரைபோல மழமழவென்று இருந்தது. “இனி வாழ்நாள் பூரா ஒரு பொடிகூடக் கூடாது” என்றார். சரி என்றாள். வெளியே வந்து ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றாள்.

சோறு, முட்டை, சோளம், கிழங்கு என்று போயிற்று. பதினெட்டாவது நாள் ஒரு வேளைச் சாப்பாடு அவளிடமே தங்கியது. அது எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, யாரோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றாள். இரண்டாம் மாதம் அவளுக்கு நகம் வெட்ட வேண்டிவந்தது; வீட்டில் நகவெட்டி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. தெருவில் ஓட்டைப் பானை என்று கூப்பிட்ட ஒருவனுக்கு ஓங்கி ஓர் அறை விட்டாள். கை முறியவில்லை.

பெரியவளின் மோதிரம் கழன்று சாக்கடையில் விழுந்தது. பால் வற்றியது. புகைப்படக்காரர் ஜன்னலில் இருந்த அவளுடைய படத்தை எடுத்துவிட்டு வேறொரு வீட்டுக் குழந்தையின் படத்தை வைத்தார். இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது என்பதால் டாக்டர் அவளையும் அம்மாவையும் சோதித்தார். இருவருக்கும் எதுவும் இல்லை. பெரியவளின் குடலில் எல்லாமே ஒழுங்காக நீட்டிக்கொண்டிருந்தன. அவளுக்கு நோய் இல்லை, பழக்கம்தான் இல்லை. இருபத்தெட்டு வயதுவரை பசி என்ற ஒன்றை அவள் பார்த்ததில்லை. தட்டின் முன்னால் உட்கார்ந்து இரண்டு வாய் போட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கையிடம் வந்தாள்.

“ஒரே ஒரு துண்டு. வாரத்துக்கு ஒரு தடவை. உனக்கு இத்தனை வருஷம் பழக்கம்தானேடி.”

“உனக்கும்தான் பழக்கம்.”

“நானா கேட்டு வாங்கினேன்? தானா வந்துச்சு.”

இது உண்மை. சின்னவளும் அதை மறுக்கவில்லை. துண்டு மட்டும் தின்னவில்லை.

நான்காம் மாதத்தில் சின்னவளுக்கு வயிறு மறுபடி உப்பியது. அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். உப்பை மாற்றினாள். தபால்தலைப் பசையில் மாவு இருக்குமோ என்று நாக்கில் வைப்பதை விட்டுவிட்டு ஈரப் பஞ்சுக்கு மாறினாள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கணக்கில் எங்கோ தானே தவறிவிட்டதாக நினைத்துப் பத்து நாள் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவள் வந்தாள். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது, படி ஏறும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சின்னவள் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய்க் கஞ்சிப் பானையின் அடியைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தாள். மைதா.

“மூணு ஸ்பூன்தான்” என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. “மூணே மூணு ஸ்பூன். அதுக்கே பாரு, எப்படி எழுந்து நடமாடறா. உனக்கு என்ன, நாலு தடவை கூட ஓடுவே.”

அன்று மாலையே சின்னவள் செருப்புக் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். ஒரு பானை, ஒரு கரண்டி, ஒரு தட்டு, எல்லாம் புதிது. அங்கே வேறு யாரும் சமைப்பதில்லை. ஆனாலும் கலப்படம் எங்கிருந்தும் வரும்: அரைத்த மசாலாப் பொட்டலத்தில் வரும், மருந்து வில்லையில் வரும். ஆண்டுக்கு ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓராண்டு நீண்ட காலம். அவளுக்கு அதைவிட விரைவான ஒரு வழி தெரிந்துவிட்டது.

அதனால் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அக்காவின் நிறத்தைப் பார்க்க அவள் புகைப்படக்காரர் வீட்டுக்குப் போகிறாள். ஒரு தடவை பெரியவளின் முகத்தில் ஸ்டுடியோவில் பூசும் சிவப்புச் சாயம் இருந்தது. படம் எடுக்கத்தான் பூசினோம் என்றார் புகைப்படக்காரர். சின்னவள் அதன் பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லிவிட்டாள். பெரியவள் இப்போது தட்டில் பாதியைச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். உயிர் தங்குகிறது, நிறம் வருவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை எங்காவது ஒரு மாவு தவறி உள்ளே போய்விடுகிறது. அந்த வாரங்களில் பெரியவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குகிறாள், தையல்காரியிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறாள். சின்னவள் அறைக்குத் திரும்பி, இருக்கும் பொட்டலங்களை எல்லாம் குப்பையில் கொட்டுகிறாள். ரவிக்கை தைத்து வருவதற்குள் தொளதொளத்துவிடுகிறது.

தெருவில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெரியவள் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். சின்னவள் வந்து, அவளுடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்க்கிறாள்.

“எப்படி இருக்கு?” என்று பெரியவள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

“வெள்ளையா இருக்கு” என்கிறாள் சின்னவள். இமையை விட்டுவிட்டு, அன்றைய சோற்றுக்கு அரிசி களைய அறைக்குப் போகிறாள்.